எட்டாம் நம்பர் நாசில்

அத்தியாயம் 5

"நாலு மணிக்கு இதை அனுப்பிப் போடுவனுங்க அம்மிணி" என்று சொல்லி, கைப்பேசியை மேசைமேல் மல்லாக்க வைத்தார் ரத்தினசாமி.

சனோபர் குனிந்து பார்த்தாள். சாய ஆலை முதலாளிகள் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குழு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். காலை வணக்கமும் கல்யாண மண்டப வாசல் போட்டோவும் வந்து விழும் அந்தக் குழுவில் எப்போதாவது ஒரு தொழிலாளியின் படம் வரும். கீழே 'இந்த ஆளை வேலைக்கு எடுக்க வேண்டாம்' என்று ஒரே வரி. அது வந்துவிட்டால் அவிநாசியிலிருந்து பல்லடம் வரை அந்த ஆளுக்கு எந்தக் கேட்டும் திறக்காது. கோர்ட்டிலாவது வாய்தா கிடைக்கும், அந்தக் குழுவில் அதுவும் கிடையாது.

இன்றைக்கு அனுப்பக் காத்திருந்த படம் ராக்கையாவுடையது. கமுதிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இதே ஆலையில் பதினெட்டு வருஷமாக வெல்டராக இருப்பவர். படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். 'சிறந்த தொழிலாளி' விருது வாங்கிய அன்று எடுத்த படம், அதையே வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

"விருதுப் படத்தையே போட்டுட்டீங்களே, கம்பெனிக்கு போட்டோ செலவு மிச்சமுங்க" என்றான் வேல்குமார்.

வேல்குமார் சனோபரின் உதவியாளன். மூன்று எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் வேலை பார்த்து, மூன்றிலும் வாயால் கெட்டு வெளியே வந்தவன். சனோபர் கெட்டது கண்ணால். பதினான்கு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவள். ஒரு டி-ஷர்ட்டில் விட்டுப்போன தையலை ஆறடி தூரத்திலிருந்து கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்ததை அப்படியே எழுதியும் வைப்பாள், அதனால்தான் வேலை போயிற்று. இப்போது இதே ஊர் ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள்.

ரத்தினசாமி வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் இருந்தார். சாய ஆலை நடத்துகிறவர் உடம்பில் ஒரு துளி சாயம் படாமல் இருப்பதுதான் இந்த ஊரில் அந்தஸ்து. விஷயத்தை அவர் சுருக்கமாகச் சொன்னார். புதிதாக ஒரு சாய மெஷினைச் சொந்த ஆலையிலேயே கட்டினார்கள். எவர்சில்வர் குழாய்கள், மொத்தம் முப்பத்திரண்டு இணைப்புகள். திங்கள் முதல் வியாழன் வரை வெல்டிங். வெள்ளிக்கிழமை தண்ணீரை ஏற்றி அழுத்தம் கொடுத்துப் பார்த்தபோது பதினோரு இணைப்பு ஒழுகியது. ஆர்டர் தாமதமாகிவிட்டது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர், தாமதத்துக்கு வெளியாள் ஒருவரின் விசாரணை அறிக்கை கேட்கிறான்.

"எதிர்க் கம்பெனிக்காரன்கிட்டக் கைநீட்டிக் காசு வாங்கிட்டு, ராக்கையா வேணும்னே கெடுத்துட்டானுங்க. நீங்க விசாரிச்சு அதை எழுதிக் குடுத்தாப் போதும்."

விசாரணை முடிவை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டு விசாரிக்கச் சொல்வது ரத்தினசாமிக்கு விகல்பமாகவே படவில்லை. சட்டைக்கு அளவு கொடுப்பது போலத்தான் சொன்னார்.

"ஆதாரமுங்க?" என்று கேட்டாள் சனோபர்.

ஆதாரம் ஒரு நாசில். டிக் வெல்டிங் டார்ச்சின் முனையில் விரல் நீளத்துக்கு ஒரு பீங்கான் குழல் இருக்கும், அதுதான் நாசில். அது வழியாக ஆர்கான் கேஸ் இறங்கி, உருகும் இரும்பின்மேல் காற்றுப் படாமல் காக்கும். நாசிலின் வாய் அகலத்தைப் பொறுத்து அதற்கு நம்பர் உண்டு. ராக்கையா எப்போதும் போடுவது எட்டாம் நம்பர். அந்த எட்டாம் நம்பரை இப்போது காணோம். கெட்ட எண்ணம் இல்லாதவன் கம்பெனி நாசிலை ஏன் எடுத்துப் போக வேண்டும் என்பது ரத்தினசாமியின் கேள்வி.

"கேஸ் பத்தலைன்னும் அவன் சொல்ல முடியாதுங்க. போய் மீட்டரைப் பாருங்க, நிமிஷத்துக்கு இருபத்தஞ்சு லிட்டர்ல இருக்கும். நம்ம கம்பெனியில கேஸை அளந்து உடற பழக்கமே இல்லீங்க. அத்தனை உட்டும் ஓட்டையாகுதுன்னா அது கைவேலை தானுங்க. எனக்கு இந்தத் தொழில்ல தெரியாதது ஒண்ணுமில்லை."

சொல்லிவிட்டுப் பின்னால் கை காட்டினார். சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே பட்டுத் துணிமேல் ஒரு சுத்தியல். ஒரு முனை கூராக, மறு முனை உளி போலத் தட்டையாக இருந்தது. அனுப்பர்பாளையத்தில் ஓலைக் கொட்டகை போட்டு கிரில் கேட் செய்துகொண்டிருந்த காலத்தில், வெல்டிங் கசடு கொத்தின சுத்தியலாம். அமாவாசைதோறும் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

சனோபர் அதைப் போகிற போக்கில் ஒரு தடவை பார்த்தாள். வேல்குமார் கையெடுத்துக் கும்பிட்டே வைத்தான்.

அப்போது மணி பதினொன்று.

மெஷின் இருந்த கொட்டகைக்கு அவர்களை அழைத்துப் போனவன் நித்தீஷ். கம்ப்ளையன்ஸ் மேனேஜர். வெளிநாட்டுக்காரன் கம்பெனி எப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறானோ, அவன் வந்து பார்க்கும் அந்த ஒரு நாள் மட்டும் அப்படிக் காட்டுவது இவன் உத்தியோகம். கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்கின. மூன்றும் அவனுடையவைதானா என்று வேல்குமார் அக்கறையாக விசாரித்தான்.

கொட்டகையில் முதலில் கண்ணில் பட்டது மெஷின் அல்ல, ஒரு மின்விசிறி. கல்யாண மண்டபத்தில் வைப்பது போல ஆளுயரம். வெல்டர் நிற்கிற இடத்துக்கு நேராக நின்று முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. 'தொழிலாளர் நலன்' என்று பச்சை ஸ்டிக்கர். நிறுத்தக் கூடாது என்று எழுதி ஸ்விட்சுக்கு மேல் டேப் ஒட்டியிருந்தது.

நித்தீஷ் விளக்கினான். போன வியாழக்கிழமை பையர் தரப்பிலிருந்து ஆடிட் வந்ததாம், வெல்டிங் வைப்பதையும் நேரில் பார்த்தார்களாம். வெல்டருக்கு வேர்க்கக் கூடாது என்பது அவர்கள் சட்டமாம். அதற்காகப் புதன்கிழமை ராத்திரி வந்து இறங்கிய விசிறி இது.

"வெல்டிங் வைக்கிறவருக்கு வேர்க்கக் கூடாதுங்களா? அடுத்த ஆடிட்டுல சாயத்துல நனையக் கூடாதும்பாங்க" என்றான் வேல்குமார்.

சனோபர் பைக்குள்ளிருந்து சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்தாள். துணியில் நூலிழை எண்ணுகிற கண்ணாடி. முப்பத்திரண்டு இணைப்பையும் வரிசையாகப் பார்த்தாள். இருபத்தொன்று பொன்னிறம். தோசை ஓரம் சிவந்தது போல ஒரே சீராக இருந்தன. ஒழுகியவற்றைச் சுற்றி நித்தீஷ் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தான். அந்தப் பதினொன்றும் கருத்து, பொரிந்து, ஊசி முனைத் துளைகளோடு கிடந்தன. எல்லாம் ஒரே வரிசையில், நெஞ்சு உயரத்தில், விசிறிக்கு நேர் எதிரே இருந்தன.

"முதலாளி இதை வந்து பார்த்தாருங்களா?"

வெள்ளிக்கிழமையிலிருந்து முதலாளி ஏ.சி. ரூமை விட்டு இறங்கவில்லை என்றான் நித்தீஷ். பதினொன்று ஒழுகுகிறது என்று மட்டும் சொன்னானாம். எந்தப் பதினொன்று என்று அவர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. இதைச் சொல்லும்போது அடையாள அட்டையால் வாயை மறைத்துக்கொண்டான்.

சனோபர் மறுபடி கண்ணாடியை வைத்தாள். கருத்த ஒவ்வொரு இணைப்பின் ஓரத்திலும் அரிசி நீளத்துக்கு இரண்டு வெட்டு விழுந்திருந்தது. பதினொன்றிலும் இரண்டிரண்டு. பொன்னிற இணைப்புகளில் ஒன்றில்கூட அது இல்லை. அவள் உதட்டைச் சுழித்தாள். துணியில் ஒரே மாதிரிக் குறை திரும்பத் திரும்ப வந்தால் அது ஊசியின் குறையல்ல, கையின் பழக்கம்.

டார்ச்சை எடுத்து நாசிலைத் திருப்பினாள். பீங்கானில் ஐந்து என்று அச்சு. வேல்குமார் டார்ச் ஸ்விட்சை அழுத்தியதும் சிலிண்டர் மீட்டரில் இருந்த குண்டு துள்ளி, இருபத்தைந்தில் போய் ஒட்டிக்கொண்டது. கேஸ் பாம்பு போலச் சீறியது.

வருகைப் பதிவேட்டையும் கேட்டு வாங்கினார்கள். ராக்கையா திங்கள், செவ்வாய், புதன், வியாழன் நான்கு நாளும் ஒன்பது மணிக்கு வந்து ஐந்தரைக்குப் போயிருந்தார். ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை. அவர் மட்டுமல்ல, நூற்று எழுபது பேரும் அப்படியே.

"கேட்டுல நூத்தி எழுபது வாசல் இருக்குங்களா, எல்லாரும் ஒரே நொடியில உள்ள வர்றதுக்கு?" என்றான் வேல்குமார். நித்தீஷ் பதிவேட்டை மூடிக்கொண்டான்.

வீரபாண்டியில் ராக்கையா குடியிருந்தது வரிசை வீட்டில் ஒரு அறை. அவர் மனைவி கருத்தம்மா பாத்திரங்களைக் கோணிப்பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். படம் நாலு மணிக்கு வரப்போகிறது என்பது அங்கேயும் தெரிந்திருந்தது. வந்தபிறகு கட்டினால் அக்கம்பக்கம் நின்று பார்க்கும், அதற்கு முன்னால் கட்டிவிடலாம் என்று கணக்கு. அந்தக் கோணிப்பையைப் பார்க்க சனோபருக்கு மனசு கனத்தது. அவளும் ஒரு நாள் வேலை போய், டிபன் பாக்ஸோடு கேட்டுக்கு வெளியே நின்றவள்தான்.

ராக்கையா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எட்டாம் நம்பர் நாசில் எங்கே என்று அவள் கேட்டாள். அவர் ஒளிக்கவில்லை, மறுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றியிருந்தது. பிரித்தால் ரோஸ் நிறத்தில் நாசில்.

"திருட்டு இல்ல தாயி. ஓரத்துல ஒரு மூளி விழுந்தாலும் கேஸு கோணலாப் போகும். அதேன் எங்கிட்டு போனாலும் கையோட வச்சிருப்பேன். ஈரமும் படக் கூடாது."

தனக்கு வெல்டிங் பற்றி ஒன்றும் தெரியாது என்று சனோபர் ஒத்துக்கொண்டாள். ஐந்தாம் நம்பர் போட்டு இருபத்தைந்து லிட்டர் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். ராக்கையா எழுந்து, ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு வாசல் குழாய்க்குப் போனார். குழாயை மெல்லத் திறந்தார், டம்ளர் நிறைந்தது. கொட்டிவிட்டு முழுசாகத் திறந்தார். தண்ணீர் டம்ளருக்குள் அடித்துத் தெறித்து, அவர் கையையும் வேல்குமாரின் பேண்டையும் நனைத்தது. டம்ளரில் பாதிகூட நிற்கவில்லை.

"இம்புட்டுத்தேன். எட்டாம் நம்பரு, பத்து லிட்டரு. கேஸு சத்தமில்லாம எறங்கி மூடிக்கிட்டு நிக்கணும். சின்ன வாயில வேகமா விட்டா அது சுழிச்சுக்கிட்டு வெளிக் காத்தையும் உள்ள இழுத்துரும். இதுல எதுக்க ஃபேனு வேற. வெல்டு கருக்காம என்ன செய்யும்?"

"அப்ப அந்தப் பதினொண்ணு?"

"என் கை இல்ல."

"யாரு கைங்க?"

ராக்கையா டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள் என்றார். தனக்குப் பொய் வராது, ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்க வரும் என்றார். கருத்தம்மா கோணிப்பையை இழுத்துக் கட்டியபடி, "அந்த வாய்க்குத்தேன் நம்ம பொழப்பு போகுது" என்றாள்.

சனோபர் கடைசியாக அந்த அரிசி நீள வெட்டுகளைப் பற்றிக் கேட்டாள். ராக்கையா யோசித்தார். ராடு வெல்டிங் வைத்தால்தான் மேலே கசடு படியும், அதைக் கொத்தி எடுக்க வேண்டும், டிக் வெல்டிங்கில் கசடே கிடையாது, கொத்த என்ன இருக்கிறது என்றார். பழைய ராடு வெல்டர்கள் சிலருக்கு மட்டும் கை சும்மா இருக்காதாம். தேவை இல்லாவிட்டாலும் முடித்த இடத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார்களாம்.

நாசில் சுற்றியிருந்த காகிதத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு சனோபர் எழுந்தாள். மூன்றரைக்கு ஆலை கேட்டுக்கு வந்துவிடச் சொன்னாள்.

தெருமுனை டீக்கடையில் வேல்குமார் ஈர பேண்டைப் பிழிந்துகொண்டே வழக்கை முடித்துவிட்டான். எதிர்க் கம்பெனிக்காரன் ஒரு ராடு வெல்டரை உள்ளே அனுப்பியிருக்கிறான், அவ்வளவுதான் என்றான்.

"விசிறி வந்ததே புதன் ராத்திரி, அப்ப கெட்டது வியாழக்கிழமை வேலை. பட்டப்பகல்ல, ஆடிட்டர் பார்த்துட்டு இருக்கறப்பவா?" என்றாள் சனோபர். காகிதத்தை அவன் முன்னால் விரித்தாள்.

திருமூர்த்தி மலை அருவிக்குப் போகும் நுழைவுச் சீட்டு. போன வியாழக்கிழமை தேதி, முற்பகல் பதினொன்றே கால். குளிக்கும்போது நாசில் நனையக் கூடாதே என்று அந்த மனுஷர் கையில் கிடைத்த காகிதத்தில் சுற்றியிருக்கிறார். பதிவேட்டில் ஒன்பது மணியிலிருந்து வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர், நிஜத்தில் உடுமலைக்குத் தெற்கே அருவியில் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சனோபரின் பெரியம்மா மகன் நஸ்ருதீன் வாடகை வேன் ஓட்டுகிறவன். ஆடிட் நாட்களில் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் வண்டிகளில் பாதி அவனுக்குத் தெரிந்தவை. ஒரு போன் போட்டதும் விஷயம் வந்துவிட்டது. வியாழக்கிழமை அந்த ஆலையிலிருந்து பதினாலு பேரைத் திருமூர்த்தி மலைக்கு அழைத்துப்போனதே அவன்தான். நித்தீஷ் கொடுத்த பெயர்ப் பட்டியல் இன்னும் வண்டி டேஷ்போர்டில் கிடந்தது. தலைப்பைப் படிக்கச் சொன்னாள் சனோபர். நஸ்ருதீன் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

'பொய் சொல்ல வராதவர்கள்.'

ஆடிட்டர் கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து, பதினாலு பேரை மலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆட்கள் குறைந்தால் சந்தேகம் வருமே என்று பதிவேட்டில் எல்லாருக்கும் வருகை போட்டிருக்கிறார்கள். புளிசாதம் பொட்டலம் உண்டு, வெளியே சொல்லக் கூடாது என்று சத்தியமும் உண்டு.

"பதினாலு பேரா? நம்ம ஊர்ல அத்தனை பேரு தேறினதே பெரிய சங்கதிங்க அக்கா" என்றான் வேல்குமார்.

சனோபர் சிரிக்கவில்லை. ராக்கையாவின் நிலைமை அவளுக்கு இப்போது முழுசாக விளங்கியது. இல்லாத நாளில் இருந்ததாகக் கம்பெனி எழுதிவைத்திருக்கிறது. இருந்த இடத்தைச் சொல்லக் கூடாது என்று கம்பெனியே வாயையும் கட்டியிருக்கிறது. இப்போது அந்தப் பதிவேட்டைக் காட்டி அவர் கழுத்தில் கை வைக்கிறது.

"அப்ப ஆடிட்டர் பார்க்கறப்ப, மூஞ்சியை மூடற வெல்டிங் ஹெல்மெட்டுக்குள்ள இருந்தது யாருங்க?" என்றான் வேல்குமார்.

"அதை அவுங்களே சொல்லோணும். நாம சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. நீ முன்னால போயி, ஈரத் துணியால அந்த சாக்பீஸ் வட்டத்தையெல்லாம் அழிச்சுப்போடு. தண்ணி வால்வு எங்கிருக்குதுன்னும் பார்த்து வை."

மூன்றே முக்காலுக்கு ரத்தினசாமி ஏ.சி. ரூமிலிருந்து இறங்கி வந்தார். அறிக்கை தயார், கையெழுத்துக்கு முன் ஒரே ஒரு சந்தேகம், மெஷின் பக்கத்தில் வைத்துத்தான் கேட்க முடியும் என்று சனோபர் சொல்லியிருந்தாள். கொட்டகை வாசலில் ராக்கையா நின்றார். அவரைப் பார்த்ததும் ரத்தினசாமி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வேலையாட்கள் சிலர் தூரத்தில் கூடினார்கள். விசிறி பேரிரைச்சலோடு சுற்றியது.

சனோபர் நெஞ்சு உயர வரிசையைக் காட்டினாள்.

"ஏனுங்க, இந்த ஒரு வரிசை மட்டும் கை மாறித் தெரியுதுங்களே. மத்ததெல்லாம் பயந்து பயந்து வெச்சாப்புல இருக்குது. இதுல மட்டும் ஒரு துணிச்சல் இருக்குது. ராக்கையாவைப் பத்தி எழுதறப்ப, நல்லா வேலை செஞ்சவிங்க பேரையும் எழுதறதுதானுங்களே நாயம்?"

நித்தீஷுக்கு இருமல் வந்தது. விடாமல் வந்தது. ரத்தினசாமி அதைக் காதில் வாங்கவில்லை. முப்பது வருஷமாக யாரும் அவர் வெல்டிங்கைப் புகழ்ந்ததில்லை. அவர் காரைப் புகழ்ந்தார்கள், வீட்டைப் புகழ்ந்தார்கள், மகள் கல்யாணச் சாப்பாட்டைப் புகழ்ந்தார்கள். தொழில் கற்ற கையைப் புகழ ஒருவரும் இல்லாத ஏக்கம் அந்த மனுஷருக்கு உள்ளே இருந்திருக்கிறது. அதை நினைக்க சனோபருக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

"செக்கிங்குல இருந்த கண்ணுன்னா சும்மாவா?" என்றார் அவர். "அது நம்ம கைங்க அம்மிணி."

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. ஆடிட்டர் அம்மா வெல்டர் வேலை செய்வதை நேரில் பார்க்க வேண்டும் என்றாளாம். வெல்டர் ஒரு சோலியாக வெளியூர் போயிருந்தாராம். வேறு யாரை நிறுத்துவது என்று எல்லாரும் கையைப் பிசைந்தபோது, ராக்கையாவின் ஹெல்மெட்டை இவரே மாட்டிக்கொண்டாராம். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த அம்மா எதிர்க் கண்ணாடி அறையில் சாயங்காலம் ஐந்து வரை உட்கார்ந்துவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றினால் குட்டு வெளிப்படும், மத்தியானச் சோறுகூட இல்லாமல் வெல்டிங் வைத்துக்கொண்டே இருந்தாராம். பேர் ராக்கையாவா என்று கேட்டாளாம், தலையாட்டினாராம். வேலையில் சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டாளாம், அதற்கும் தலையாட்டினாராம். ஆடிட் அறிக்கையில் ராக்கையாவைத் தனியாகப் பாராட்டி எழுதியிருக்கிறாள்.

"கேஸை நீங்கதான் ஏத்துனீங்களாங்க?" என்று கேட்டாள் சனோபர்.

"பத்துல வெச்சிருந்தான், கஞ்சப் பய. நான் இருபத்தஞ்சுக்கு ஏத்தி உட்டேன். நாசிலையும் எங்கியோ கொண்டுபோயிட்டான். கெடந்த ஒண்ணை எடுத்து மாட்டுனேன்."

"கண்ணாடிப் பெட்டிச் சுத்தியலையும் கொண்டாந்தீங்களா? அதுல குங்குமம் முழுக்க இருக்குது, தட்டை முனையில மட்டும் தேஞ்சு போயிருக்குது. அதான் கேக்கறனுங்க."

"ராசியான சுத்தியலுங்க. ஒவ்வொண்ணு முடிஞ்சதும் ரெண்டு தட்டு. அது இல்லாம எனக்கு வேலை ஓடாது." ரத்தினசாமி நெருங்கிப் போய் ஒரு இணைப்பைத் தடவிக் கொடுத்தார்.

"அப்ப மொத்தம் எத்தனை வெச்சீங்க?"

"அது இருக்குமுங்க, ஒரு பதினொ..."

வாய் அங்கேயே நின்றுவிட்டது. அவர் மெதுவாக வரிசையைத் திரும்பிப் பார்த்தார். உதடுகள் அசைய எண்ணினார். கடைசி எண் வரும் முன்பே சனோபர் தலையசைத்தாள், வேல்குமார் வால்வைத் திறந்தான். தண்ணீர் பஞ்சத்தில் யாரும் நல்ல தண்ணீரில் சோதனை செய்வதில்லை. குழாயில் இருந்தது முந்தின நாள் துணி லாட்டை அலசிய கருநீலத் தண்ணீர். பதினோரு துளையிலிருந்தும் நூல் நூலாகக் கிளம்பி, அந்த வெள்ளைச் சட்டையில் நெஞ்சுக்குக் குறுக்கே கோடு போட்டது. விசிறி மீதியை முகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மற்ற இருபத்தொரு இணைப்பிலும் ஒரு சொட்டுக்கூட இல்லை.

"ஸ்ட்ரைப் நல்லா வந்திருக்குதுங்க. சாயம் ஓடாம இருந்தா பையருக்கே அனுப்பலாம்" என்றான் வேல்குமார்.

வேலையாட்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வால்வை மூடினார்கள். மணி மூன்று ஐம்பத்தெட்டு. ரத்தினசாமி ஈரக் கையால் கைப்பேசியை எடுத்தார். ராக்கையாவின் சிரித்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அழித்தார்.

"மனசுல வெச்சுக்காதீங்க ராக்கையா. நாளைக்கு வேலைக்கு வந்துருங்க. நடந்தது நடந்துபோச்சு."

ராக்கையா நகரவில்லை. பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். பதினெட்டு வருஷத்தில் அவர் அந்த ஆலையில் எதையாவது கொண்டுவரச் சொன்னது அதுதான் முதல் தடவை. நித்தீஷ் தயங்கித் தயங்கிக் கொண்டுவந்தான்.

"வியாழக்கிழமை எனக்கு ஆப்சென்ட் போடுங்க மொதலாளி."

நித்தீஷ் பதறிப்போய்க் குறுக்கே வந்தான். ஆப்சென்ட் போட்டால் ஆடிட் அறிக்கை பொய்யாகிவிடும், பாராட்டப்பட்ட ஆளே இல்லாமல் போய்விடுவார், பையர் மறுபடி ஆள் அனுப்புவான் என்று அடுக்கினான். ராக்கையா அவனைப் பார்க்கவே இல்லை.

"நான் இல்லாத அன்னைக்கு இருந்தேன்னு எழுதுனீக. அதுனாலதேன் அம்புட்டு ஓட்டையும் என் தலையில விழுந்துச்சு. வாய் தெறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுனேன், இப்பவும் தெறக்கல. நீங்களே எழுதுங்க."

சனோபர் பையிலிருந்து அருவிச் சீட்டை எடுத்துப் பதிவேட்டின்மேல் வைத்தாள். தன் அறிக்கையில் இதுவும் இருக்கும் என்றாள். இவள் கண்டதை அப்படியே எழுதுகிறவள் என்பது ரத்தினசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியாள் விசாரணைக்கு ஆள் தேடியபோது இதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அவர் பேனாவை வாங்கினார். வியாழக்கிழமைக் கட்டத்தில் இருந்த வருகைக் குறியை அடித்துவிட்டு, பக்கத்தில் ஆப்சென்ட் என்று எழுதி, கையெழுத்தும் போட்டார். நெஞ்சிலிருந்து ஒரு கருநீலச் சொட்டு தாளில் விழுந்தது. நல்லவேளை, கையெழுத்தின்மேல் விழவில்லை.

ராக்கையா அந்தப் பக்கத்தைக் குனிந்து படித்தார். பிறகு மெஷினருகே போய், விசிறி ஸ்விட்சின் மேலிருந்த டேப்பைக் கிழித்தார். ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்வது என்று நித்தீஷ் முனகினான்.

"வேர்த்தா வேர்த்துட்டுப் போகுது, போய்யா" என்றார் ரத்தினசாமி.

விசிறி நின்றதும் கொட்டகையில் அத்தனை நாள் கேட்காத சத்தமெல்லாம் கேட்டது. ராக்கையா தண்ணீரை வடித்தார். கிரைண்டரை எடுத்து முதல் இணைப்பின் கருப்பைச் சுரண்டி வெளுப்பாக்கினார். ஐந்தாம் நம்பரைக் கழற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்த எட்டாம் நம்பரை ஊதித் துடைத்து மாட்டினார். டார்ச் ஸ்விட்சை அழுத்திக்கொண்டு, குண்டு பத்துக்கு இறங்கும்வரை திருகைத் திருப்பினார். சீறல் அடங்கி, கேஸ் மூச்சு விடுகிற அளவுக்கு வந்தது.

சனோபர் வாசலிலேயே நின்று பார்த்தாள். வேல்குமாரும் வாயைத் திறக்கவில்லை.

ராக்கையா ஹெல்மெட்டை இறக்கிக்கொண்டார். இந்தத் தடவை அதற்குள் இருந்தது ராக்கையாதான்.